தோட்டப்பட்டணத்தில் வழி கண்டுபிடிப்பது எப்படி: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கோலாலம்பூரில் தொலைவதில்லை. அங்கே ரயிலுக்குள் நிலையத்தின் பெயர் ஒளிர்கிறது, பேரங்காடியில் அம்புக்குறி இருக்கிறது. தொலைவது இங்கே வந்துதான். அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம் போலத் தெரியும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில்.

நானும் தொலைந்தவள்தான். பதினான்கு வருடத்துக்கு முன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தேன். மூன்றாம் நாள் கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். திரும்பும்போது தாமான் (வீட்டுமனைக் குடியிருப்பு) வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்றன. எங்கள் வீடு என்று நினைத்து யார் வீட்டு கேட்டையோ தட்டினேன். திறந்தது ஒரு சீனப் பாட்டி. அவர் பேசிய மலாய் எனக்குப் புரியவில்லை, என்னிடம் பேச மலாயே இல்லை. பாட்டி என் கையிலிருந்த கறிவேப்பிலையைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு முனை வரை கூடவே வந்து, தமிழர் வீடுகள் இருக்கும் வரிசையைக் கட்டைவிரலால் காட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் வருடத்துக்கு ஒருவராவது ஊரிலிருந்து வந்து போகிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். பேராக்கின் மற்ற தோட்டப்பட்டணங்களுக்கும், கெடா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான் பக்கத்து ஊர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் படி: கிளம்பும் முன் பெயரைச் சரியாக வாங்கிக்கொள்ளுங்கள்

இங்கே ஓர் இடத்துக்கு இரண்டு பெயராவது இருக்கும். ஒன்று வரைபடத்தில், ஒன்று வாயில். இரண்டையும் கேட்டு வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

ஊர்ப் பெயரிலேயே இது ஆரம்பித்துவிடும். முகவரியில் சுங்கை சிப்புட் என்பதை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒற்றை எழுத்தாக 'யு' என்று போட்டிருப்பார்கள். 'உத்தாரா', அதாவது வடக்கு. ஏனென்றால் இதே பேராக்கில் கோப்பேங் பக்கம் தெற்கு சுங்கை சிப்புட் ஒன்று இருக்கிறது. அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்டு ஜிபிஎஸ்ஸில் தட்டினால் ஈப்போவுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள். அஞ்சல் குறியீடு 31100 என்று சேர்த்துப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

தாமான் முகவரி என்றால் வீட்டு எண், சாலைப் பெயர், தாமான் பெயர் மூன்றும் வேண்டும். ஒரே தாமானில் சாலைகளுக்கு ஒரே பெயரை வைத்து 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள், எண்ணை விட்டால் போச்சு. நான்காம் எண் வீட்டைத் தேடி, மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே '3ஏ' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அதுதான் நான்கு. சீனர்களுக்கு நான்கு ராசியில்லாத எண்.

தோட்டத்து வீடு ('லயம்' என்ற வரிசை வீடு) என்றால் நான்கு விஷயம் கேளுங்கள்: தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), பக்கத்திலிருக்கும் கோயில், வீட்டுக்காரரை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள். கடைசியாகச் சொன்னதுதான் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. அடையாள அட்டையில் இருக்கிற பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. 'பழைய தண்டல் (தோட்டத்து மேஸ்திரி) மகன்', 'கிராணி (குமாஸ்தா) வீட்டு மருமகள்' என்றால் சின்னப் பிள்ளை கூடக் கொண்டுபோய் விடும்.

சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள். இந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைப்பேசியில் முன்னாடியே இறக்கி வையுங்கள். செம்பனைக்குள் (எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குள்) நுழைந்தால் லைன் போய்விடும்.

இரண்டாம் படி: வந்து இறங்குவது

ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் இடிஎஸ் மின்ரயிலில் வரலாம், ஆனால் எல்லா ரயிலும் இங்கே நிற்காது. டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் இறங்கி பஸ்ஸிலோ காரிலோ வருபவர்களும் உண்டு. செயலியில் கூப்பிடும் வாடகைக் கார் இங்கே வரும்போது உடனே கிடைக்கும். திரும்பும்போதுதான் திண்டாட்டம், அதிலும் இருட்டினால். வந்த ஓட்டுநரிடமே நேரம் பேசிக்கொள்வது நல்லது.

சாலையில் வருபவர்களுக்கு ஒரு விஷயம். பச்சைப் பலகை நெடுஞ்சாலைக்கு, நீலப் பலகை சாதாரணச் சாலைக்கு. வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசு (மத்திய அரசு) சாலை. எண்ணுக்கு முன்னால் 'ஏ' இருந்தால் பேராக் மாநிலச் சாலை, 'பி' என்றால் சிலாங்கூர், 'கே' என்றால் கெடா. இந்த ஊரின் முதுகெலும்பு முதலாம் எண் கூட்டரசுச் சாலை. ஜோகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லை வரை போகிற அதே சாலைதான். இதில் ஒரு பக்கம் ஈப்போ, மறுபக்கம் கோல கங்சார். பலகையில் இந்த இரண்டில் ஒரு பெயர் கண்ணில் பட்டால் பெரிய சாலைக்கு வந்துவிட்டீர்கள் என்று மூச்சு விடலாம்.

மூன்றாம் படி: ஊர் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரத் திட்ட அறிஞர், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களின் மக்களிடம் பேசிப் பார்த்து 1960-இல் ஒன்று சொன்னார். மனுஷர் ஊரை மனதில் ஐந்து வகையாகப் பிடித்து வைக்கிறார்கள்: பாதை, விளிம்பு, பகுதி, சந்திப்பு, அடையாளம். பெரிய நகரங்களைப் பார்த்துச் சொன்னது, ஆனால் எங்கள் ஊருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. பாதை, முதலாம் எண் சாலை. விளிம்பு, ரயில் தண்டவாளம். இரட்டைத் தடமாக்கி மின்சாரம் வைத்தபோது வேலி போட்டுவிட்டார்கள், நினைத்த இடத்தில் குறுக்கே தாண்ட முடியாது. வரைபடத்தில் இருநூறு மீட்டர் என்று காட்டும், நடந்தால் பாலம் ஏறிச் சுற்ற வேண்டும்.

'பகுதி'தான் இங்கே முக்கியம். ஊரை நான்காகப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, பழைய கடைத்தெரு. கீழே கடை, மேலே வீடு, முன்னால் கூரை போட்ட நடைபாதை. அதற்கு இங்கே 'அஞ்சடி' என்று பெயர். ஐந்தடி அகலம் வைத்துக் கட்டியதால் வந்தது. வெயிலிலும் மழையிலும் அஞ்சடியிலேயே நடந்தால் கடைத்தெருவைச் சுற்றி வந்துவிடலாம், தரை மட்டும் கடைக்குக் கடை ஏறி இறங்கும், குனிந்து பார்த்து நடங்கள்.

இரண்டு, புதுக்கிராமம். சீனர்கள் அதிகம். சந்துகள் கோடு போட்டது போல நேராக இருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த ஊரைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டம் அதில் ஒன்று. அதையடுத்து அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. காட்டோரத்தில் குடியிருந்தவர்கள் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுக்கிறார்கள் என்று, 1950-க்குப் பிறகு அவர்களை வேலி போட்ட கிராமங்களுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். காவலுக்கு வசதியாக நேர் நேராகப் போட்ட சந்துகள் அவை. வேலி போய்விட்டது, கோடு இருக்கிறது. இங்கே தொலைந்தால் ஒரே திசையில் நடந்தால் போதும், வெளியே வந்துவிடலாம்.

மூன்று, தாமான். வீட்டுமனைக் குடியிருப்பு. இதில் நேராக நடந்தால் வெளியே வர முடியாது, வளைந்து வளைந்து உள்ளேயே கொண்டுவந்து விடும். நான் கறிவேப்பிலையோடு நின்ற இடம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நுழைவாயில்தான், அதன் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

நான்காவது தோட்டம். அதற்குத் தனியாக வருகிறேன்.

இந்த நான்கையும் கோத்துக் கட்டுவது தமிழ்ப்பள்ளிகள். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்று இருக்கும். தோட்டம் என்று அர்த்தம். தோட்டம் கைமாறும், பெயர் மாறும், வீடுகளை இடித்து ஆட்களைத் தாமானுக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தின் பலகை மட்டும் பழைய பெயரோடு நிற்கும். பெரியவர்கள் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி அது வரைபடத்தில் அகப்படவில்லை என்றால், அந்தப் பெயரில் பள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். ஆனால் பள்ளியும் சில இடங்களில் ஊருக்குள் இடம்மாறியிருக்கும், பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு. அதனால் தேடிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பலகை படிக்க இருபது சொல்

மலாய் ரோமன் எழுத்தில் எழுதியிருக்கும், ஆங்கில எழுத்து தெரிந்தால் படித்துவிடலாம். ஜாலான் சாலை, லோரோங் சந்து, கம்போங் கிராமம் (நம்மவர்கள் 'கம்பம்' என்பார்கள்), புக்கிட் குன்று, சுங்கை ஆறு, ஜம்பாத்தான் பாலம், பெக்கான் சின்னப் பட்டணம். கிரி இடது, கானான் வலது, தெருஸ் நேராக, சிம்பாங் சந்திப்பு, டெகாட் கிட்டே, ஜாவு தூரம், செபெலா பக்கத்தில். மாசோக் நுழைவு, கெலுவார் வெளியே. செஹாலா ஒருவழி. லெஞ்ச்சோங்ஙான் என்ற பலகை வந்தால் மாற்றுவழியில் போகச் சொல்கிறார்கள். பெர்ஹெந்தி நில், அவாஸ் கவனம்.

ஜாலான் மாத்தி என்றால் செத்த சாலை என்று நினைத்துப் பயந்த என் சித்தப்பா இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். முட்டுச்சந்து, அவ்வளவுதான்.

'பத்து'தான் தமிழ்க் காதைப் படுத்தும். மலாயில் பத்து என்றால் கல், மைல்கல். 'பத்து லீமா' என்றால் ஐந்தாவது மைல். பெரியவர்கள் அதையே 'அஞ்சாங்கட்டை' என்பார்கள். நாடு கிலோமீட்டருக்கு மாறிப் பல வருடம் ஆகியும் இடப்பெயரில் மைல் போகவில்லை. யாராவது 'பத்து அஞ்சுல இறங்குங்க' என்றால் பதினைந்தாவது நிறுத்தம் வரை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

ஐந்தாம் படி: கேட்கும் முறை

கைப்பேசி வழி காட்டினாலும் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு வாய் வேண்டும். யாரைக் கேட்பது? மோட்டாரில் வரும் தபால்காரர் கிடைத்தால் அதிர்ஷ்டம். அடுத்தது ஒட்டுக்கடை. சாலையோரம் கொட்டகை போட்டுத் தேத்தண்ணியும் பலகாரமும் விற்கும் கடை. ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு உட்கார்ந்து கேட்டால் கடையே சேர்ந்து பதில் சொல்லும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள், நம்மைப் போலவே ஊருக்குப் புதியவர்கள். தங்கள் பகுதி தெரியும், அதற்கு மேல் அவர்களைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

கூப்பிடுவதில் கொஞ்சம் கவனம். வயதான தமிழரை 'ஐயா' என்றோ 'அங்கிள்' என்றோ கூப்பிடலாம், 'அங்கிள்' இங்கே மரியாதைதான். சீனரையும் அங்கிள், ஆன்ட்டி என்றால் போதும், கடை முதலாளி என்றால் 'தவுக்கே'. மலாய்ப் பெரியவர் 'பாக்சிக்', அம்மா வயதென்றால் 'மாக்சிக்', இளையவர் 'அபாங்', 'காக்கா'. ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டாதீர்கள். இங்கே விரல்களை மடக்கி, வலது கட்டைவிரலை மேலே வைத்துத்தான் காட்டுவார்கள். அந்தப் பாட்டி எனக்குக் காட்டியது அப்படித்தான்.

பதில் எப்படி வரும் என்று ஓர் உதாரணம். ஒட்டுக்கடையில் ஓர் அங்கிளிடம் என் அத்தை மகன் இரண்டாவது டிவிஷன் மாரியம்மன் கோயிலுக்கு வழி கேட்டான்.

"நேரா போ தம்பி. பழைய படக்கொட்டகை வரும். அது இப்ப இல்ல. அந்த சிம்பாங்ல கிரி எடுத்துக்க. கொஞ்ச தூரம் சடக்குலயே போனா பெரிய ஆலமரம், இப்ப வெட்டிட்டாங்க, அங்கருந்து கிட்டதான்."

சடக்கு என்றால் சாலை. சிரிக்காதீர்கள். அவருக்கு அந்தக் கொட்டகையும் மரமும் இன்னும் அங்கேயே நிற்கின்றன. திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அங்கிள், இப்ப அங்க என்ன இருக்கு?" டயர் கடை என்றார். அதோடு இன்னொரு கேள்வியும் கட்டாயம்: "தாண்டிப் போயிட்டா என்ன வரும்?" பாலம் வரும் என்றால், பாலத்தைப் பார்த்ததும் திரும்பிவிடலாம். இந்த இரண்டாவது கேள்வியை நான் பல வருடம் தாமதமாகத்தான் கற்றேன். அப்புறம் கேட்டதை அவர் முன்னாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், தப்பிருந்தால் பக்கத்து மேசைக்காரர் திருத்துவார். 'கிட்டதான்' என்பதை மட்டும் நம்ப வேண்டாம், மோட்டாரில் போகிறவருக்கு மூன்று கிலோமீட்டரும் கிட்டதான்.

அடையாளம் வைக்கும்போது ஊரில் ஒன்றே ஒன்று இருப்பதை வையுங்கள். சிவப்புப் பலகை மளிகைக் கடை, பச்சைப் பெட்ரோல் நிலையம் எல்லாம் இரண்டு மூன்று இருக்கும். மகாத்மா காந்தி கலாசாலை என்றால் ஒன்றுதான், தமிழர் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கடைக்குப் பதில் மரத்தை வைத்தால் நிலைக்குமா என்று கேட்டால், அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பக்கத்து ஊர் கோல கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது என்று காட்டுகிறார்கள். நம் அங்கிளின் ஆலமரம் போய்விட்டது.

வாரத்தில் ஒரு மாலை இரவுச் சந்தை கூடும், 'பாசார் மாலாம்'. அன்றைக்கு அந்தச் சாலையை அடைத்துவிடுவார்கள், காலையில் பார்த்து வைத்த வழி மாலையில் கூடாரமாக இருக்கும். எந்தக் கிழமை, எந்தச் சாலை என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். கச்சான் பூத்தேவும் (கடலை, முறுக்குக் கலவை) வாங்கலாம்.

ஆறாம் படி: திசையைத் திரும்பப் பிடிப்பது

எங்கள் கிராமத்தில் வழி சொன்னால் 'தெக்கால போயி மேக்கால திரும்பு' என்பார்கள். இங்கே யாரும் திசை சொல்வதில்லை, எல்லாம் கிரி, கானான். அதைக் கேட்டுக் கேட்டு நமக்குள் இருக்கும் கிழக்கு மேற்கு கலைந்துவிடும். வெயிலை வைத்துப் பார்க்கலாம் என்றால், பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் உச்சியில் நிழல் காலடியிலேயே கிடக்கும். அந்த உச்சியும் இங்கே பன்னிரண்டுக்கு இல்லை, மதியம் ஒன்றேகால் வாக்கில்.

நான் பயன்படுத்துவது மூன்று. வீட்டுக் கூரைகளில் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு இருக்கும். எல்லாத் தட்டும் ஒரே துணைக்கோளைப் பார்ப்பதால் ஒரே பக்கம்தான் திரும்பியிருக்கும்: அண்ணாந்தபடி, மேற்கே, கொஞ்சம் தெற்காக. பத்துக் கூரையைப் பார்த்தால் திசை கிடைத்துவிடும். இரண்டாவது, பள்ளிவாசலும் சூராவும் (சின்னத் தொழுகைக்கூடம்). தொழுகை மெக்காவை நோக்கி, அது இங்கிருந்து மேற்கு, சற்று வடக்காக. கட்டடமே அந்தப் பக்கம் பார்த்துத்தான் இருக்கும். மூன்றாவது நம் கோயில், வாசல் பெரும்பாலும் கிழக்கே. தோட்டத்துச் சின்னக் கோயில்களில் முனீஸ்வரன் எந்தப் பக்கமும் பார்த்து நிற்பார், அவரை வைத்துத் திசை பார்க்க வேண்டாம்.

ஏழாம் படி: தோட்டத்துக்குள் போவது

பெரியவர்கள் சொல்வார்கள், பால்மரக் காட்டில் தொலைய முடியாது என்று. ரப்பர் மரத்துக்கு நடுவே வெளிச்சம் தெரியும், நிரையைப் பிடித்தால் வெளியே வரலாம், பால் வெட்டுபவர் யாராவது கண்ணில் படுவார். இப்போது பெரும்பாலும் செம்பனை. ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். அதனால் எந்த மரத்தடியில் நின்று பார்த்தாலும் மூன்று திசையில் நேர் வரிசை தெரியும், மூன்றும் ஒரே மாதிரி. ஓலை வளைந்து தலைக்கு மேல் மூடியிருக்கும். கூரையும் இல்லை, தட்டும் இல்லை.

தோட்டம் தனியார் நிலம். வாசலில் ஜாகா (காவலாளி) இருப்பார். யார் வீட்டுக்கு என்று சொல்லி, பெயரும் வண்டி எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள், வாசல் கேட்டை எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். ஜிபிஎஸ் குறுக்குவழி என்று செம்மண் சடக்கைக் காட்டினால் போகாதீர்கள். அது செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்குப் போட்டது, மழை பெய்தால் கார் புதையும்.

உள்ளே தார்ச் சடக்கிலிருந்து பிரியும் ஒவ்வொரு சிம்பாங்கிலும் நின்று, திரும்பிப் பின்னால் பாருங்கள். போகும்போது பார்த்த காட்சியும் வரும்போது பார்க்கிற காட்சியும் வேறு. ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மரத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணும் படத்தில் விழட்டும், தோட்டத்து ஆளிடம் காட்டினால் எந்த இடம் என்று சொல்லிவிடுவார். மாலை ஐந்தரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஏழு, ஏழரைக்குச் சூரியன் மறையும், ஆனால் செம்பனைக்குள் அதற்கு வெகு முன்னாடியே இருட்டு.

எட்டாம் படி: தொலைந்துவிட்டால்

நில்லுங்கள். இன்னும் ஒரு திருப்பம் போய்ப் பார்ப்போம் என்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. லைன் இருந்தால் வாட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தை அனுப்புங்கள், ஆபத்து என்றால் 999. லைன் இல்லை என்றால் லாரி சத்தம் கேட்கிறதா பாருங்கள். குலை ஏற்றிய லாரி ஆலைக்குத்தான் போகும், ஆலையிலிருந்து தார்ச் சடக்கு நிச்சயம் உண்டு. காலி லாரியின் பின்னால் போகாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும்.

2019-இல் வந்த என் தம்பி இதைத்தான் செய்தான். என் வீட்டுக்காரரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தாத்தா பால் வெட்டிய தோட்டத்தைப் பார்க்கிறேன் என்று மதியம் போனவன், ஆறு மணி ஆகியும் வரவில்லை. உள்ளே மூன்று முறை ஒரே கால்வாய்ப் பாலத்துக்கு வந்திருக்கிறான். நான்காம் முறை வந்தபோது சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். இருபது நிமிடம் கழித்து ஒரு லாரி, குலை நிறைய. பின்னாலேயே மிதித்திருக்கிறான், செம்மண் புழுதியைத் தின்றுகொண்டு. ஆலை எடைமேடையில் ஜாகா அண்ணன் அவனை உட்காரவைத்து, அவர் கைப்பேசியிலிருந்து எங்களைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் தலையிலிருந்து கால் வரை சிவப்பாக, ஒரு கையில் தேத்தண்ணி, மறு கையில் வெங்காய வடை. "அக்கா, இவங்க தாத்தாவும் நம்ம தாத்தாவும் ஒரே லயமாம்" என்றான்.